மருத்துவமனைக் கடன் கிரெடிட் அறிக்கையில் ஏறுமா?

கேள்வி (டாலஸ்): மகன் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். காப்பீடு போக 640 டாலர் பில். மாவுக்கட்டைப் பிரித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, வசூல் நிறுவனத்தின் கடிதம் வந்துவிட்டது. வீடு வாங்கக் கடன் கேட்டிருக்கிறோம், நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் இது ஏறிவிடுமோ என்று வயிற்றைக் கலக்குகிறது. 500 டாலருக்குக் குறைந்த மருத்துவக் கடனை அதில் ஏற்றமாட்டார்களாமே, 150 கட்டி 500-க்குக் கீழே கொண்டுவரலாமா?

பதில்: பலிக்காது அண்ணா. முதலில் பதிவாகும் தொகைதான் கணக்கு. ஆனால் ஓராண்டு கழித்தே ஏற்றுவார்கள். முழுவதும் கட்டினால் நீக்கிவிடுவார்கள்.

பதில் (நியூயார்க்): மருத்துவக் கடனைக் கிரெடிட் அறிக்கையில் ஏற்றக்கூடாது என்று எங்களுக்கு மாநிலச் சட்டம் இருக்கிறது. இதே போன்ற, நாடு முழுமைக்குமான விதியை 2025 ஜூலையில் உங்கள் டெக்சாஸிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம்தான் ரத்து செய்தது! கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். விவரமான பில்லும் கேளுங்கள்.

கேட்டவர்: வாங்கிப் பார்த்தேன். ஒரே எக்ஸ்ரேக்கு இரண்டு முறை கட்டணம்! மறுப்புக் கடிதம் இன்றே பதிவுத் தபாலில் போகிறது.