வீட்டு நெட்டும் போனும் ஒரே பில்லில்: எடுத்தவர்கள் சொல்லுங்கள்

செந்தூல்வாசி:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு ஃபைபர் நெட்டும் ஒரு போன் லைனும் சேர்ந்த பேக்கேஜ், மாதம் 139 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). மூன்று கம்பெனி விலையை ஒரு தாளில் எழுதி வைத்து இரண்டு வாரம் ஒப்பிட்டுப் பார்த்தவன் நான். தாளில் ஜெயித்ததைத்தான் எடுத்தேன். கூடவே இன்னொரு லைன் இலவசம். "அம்மாவுக்குக் குடுங்கண்ணே" என்றான் மாலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன்.

முதல் ஆறு மாதம் 147.34 வந்தது. வரிதானே என்று விட்டுவிட்டேன். ஏழாவது மாதம் 179.14. இலவச லைன் ஆறு மாதத்துக்குத்தான் இலவசமாம், அப்புறம் 30 வெள்ளியாம். சரி, அதை வெட்டிவிடலாம் என்று போனால், ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக 24 மாத ஒப்பந்தம் என்கிறார்கள். மிச்சம் 18 மாதம். 540 வெள்ளி கட்டிவிட்டு வெட்டிக்கொள்ளலாமாம். அம்மா அந்த சிம்மைப் போனில் போடவே இல்லை. சாமி அலமாரி டப்பாவில் குங்குமப் பொட்டலத்தோடு கிடக்கிறது.

என்னை உறுத்துவது 540 கூட இல்லை, அந்தப் பையனின் கட்டைவிரல். டேப்லெட்டை என் பக்கம் திருப்பிப் பிடித்தான். கீழே கையெழுத்துக் கட்டம், அதற்கு மேலே இரண்டு வரி, அந்த வரிகளின் மேல் அவன் கட்டைவிரல். நகத்தில் மருதாணிச் சிவப்பு பாதி அழிந்திருந்தது. வீட்டில் கல்யாணமா தம்பி என்று கேட்டேன். அக்காவுக்கு என்று சிரித்தான். நானும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். விரல் நகரவே இல்லை. வேண்டுமென்றே மறைத்தானா, இல்லை டேப்லெட்டை வேறெங்கே பிடிப்பான்? நாலு மாதமாக இதுதான் ஓடுகிறது மண்டைக்குள்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
தம்பி, உங்களுக்காவது நெட் வந்தது. எனக்கு அதுவும் வரவில்லை.

எங்கள் பிளாட் பழசு. பக்கத்து புளோக்கில் ஃபைபர் இருக்கிறது, அதனால் முகவரியைத் தட்டினால் "உண்டு" என்று காட்டுகிறது. 500 எம்பிபிஎஸ் வேகத்தில் நெட், மகனுக்கு ஒரு போன் லைன், எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து பொருத்த வந்த பையன் மாடிப்படி ஓரத்துப் பெட்டியைத் திறந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் பழைய டெலிபோன் கம்பிகள், நடுவே மூன்று பல்லி முட்டை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மாக்சிக், சினி பெலும் அடா பைபர் லா" என்றான், இங்கே இன்னும் ஃபைபர் வரவில்லை என்று மலாயில். முட்டை உடையாமல் மெதுவாக மூடிவிட்டுப் போய்விட்டான். நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

போன் லைன் மட்டும் கையெழுத்துப் போட்ட அன்றே உயிர் வந்துவிட்டது. சேர்த்து எடுத்தால் 38, தனியாக என்றால் 68. வீட்டு லைன் ஏறினால்தான் தள்ளுபடியாம். வீட்டு லைன் எப்போது ஏறும்? ஃபைபர் வந்த பிறகு. ஃபைபர் எப்போது வரும்? அது பல்லிக்குத்தான் தெரியும். மூன்று மாதமாக 68 கட்டுகிறேன்.

கெப்போங்_கேபிள்காரன்:
செந்தூல்வாசி, வருத்தப்படாதீர்கள், ஆனால் விரல் மேல் பழி போட வேண்டாம். படிவத்தின் நகல் மின்னஞ்சலில் வந்திருக்கும். அன்று ராத்திரியே திறந்து படித்திருக்கலாம். இரண்டு வாரம் ஒப்பிட்ட ஆள் இரண்டு நிமிடம் அதைப் படிக்கவில்லை என்றால் பையன் என்ன செய்வான்?

என் கதை சின்னது. நெட்வொர்க் வேலை பார்ப்பவன் நான். 500 எம்பிபிஎஸ் எடுத்து, 14 மாதம் 94 மட்டும் வந்தது. கம்பெனியோடு சண்டை, வேறு கம்பெனி விலை விசாரணை, எல்லாம் ஆயிற்று. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த மச்சான் சோபாவை நகர்த்தினான். சோபாக் காலுக்கு அடியில் கேபிள் நசுங்கிக் கிடந்தது. "மாமா, இதுதானா உங்க வேலை?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான்.

இப்போது முக்கியமான விஷயம். வேகம் 94, 95 என்று நின்றால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடி. 100க்கு மேல் போக நான்கு ஜோடியும் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு ஜோடி செத்தால் பல நேரம் கருவிகள் இரண்டும் பேசி வைத்துக்கொண்டு 100க்கு இறங்கிவிடும், நெட் நிற்காது. அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. பழைய ரௌட்டரில் துளையே 100க்குத்தான் செய்திருப்பார்கள், அதில் என்ன கேபிள் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. அப்புறம் வைஃபை. 2.4 என்று இருக்கும் அலைவரிசை சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 என்று இருப்பது வேகம், ஆனால் கான்கிரீட் சுவர் இரண்டு வந்தால் மூச்சு வாங்கும். சமையலறையில் நின்று சோதித்துவிட்டு "500 வரவில்லை" என்று எழுதுகிறவர்கள் ரௌட்டர் பக்கத்தில் கேபிள் குத்திச் சோதியுங்கள். ஆயர் ஈத்தாம் அக்கா, செம்புக் கம்பியிலும் ஒரு காலத்தில் நெட் வந்தது, ஃபைபர் அளவு வேகம்தான் இல்லை, அவ்வளவுதான். விலையை ஒப்பிடும்போது மாதத் தொகையைப் பார்க்கக் கூடாது, 24 மாதக் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டும். செந்தூல்வாசி கணக்கையே எடுங்கள். ஆறு மாதம் 147.34, பதினெட்டு மாதம் 179.14, மொத்தம் 4,108.56. அவர் தாளில் எழுதியது 139 வீதம் 3,336. வித்தியாசம் 772.56. தாளில் ஜெயித்தது எது என்று இப்போது மறுபடி பாருங்கள்.

செந்தூல்வாசி:
அண்ணே, கேபிளைப் பற்றி நான் கேட்கவே இல்லையே.

பங்சார்_மருமகள்:
என்னுடையது ஒரு வரி. செத்தாப்பாக்கிலிருந்து ஒரு கோண்டோவுக்கு (அடுக்குமாடி வீடு) மாறினோம், புதுக் கட்டடத்துக்குள் வேறு கம்பெனி ஃபைபர் மட்டும்தான் இழுத்திருக்கிறார்கள், பழைய கம்பெனிக்கு அபராதம் கட்டினோம். சாவி வாங்கும் முன் நிர்வாக ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தண்ணீர் வருமா என்று கேட்டேன், இதைக் கேட்கவில்லை. இன்னொன்று, சேவை வரி இப்போது 8 விழுக்காடுதானே, செந்தூல்வாசிக்கு 6 போட்டிருக்கிறார்களே?

குளுகோர்_மாமா:
6 சரிதான் அம்மா. 2024 மார்ச் 1 முதல் பொதுவாக 8 ஆக்கினார்கள். தொலைத்தொடர்பு, சாப்பாட்டுக்கடை, கார் நிறுத்துமிடம், சரக்குப் போக்குவரத்து எல்லாம் 6லேயே விட்டுவிட்டார்கள். பில் தயாரித்தவன் இதிலாவது ஒழுங்காக இருந்திருக்கிறான்.

இப்போது உள்ளவர்கள் 139 அதிகம் என்கிறீர்கள். 2010இல் டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை ஃபைபர் வந்தபோது 5 எம்பிபிஎஸ் 149 வெள்ளி, 10க்கு 199, 20க்கு 249. அதில் வீட்டுத் தொலைபேசியும் டிவிப் பெட்டியும் சேர்த்தி.  அதற்கு முன் டெலிபோன் கம்பியில் வரும் ஸ்ட்ரீமிக்ஸ் நெட் வைத்திருந்தோம், மழை பெய்தால் போய்விடும். 2018இல் தொலைத்தொடர்பு ஆணையம் (எம்சிஎம்சி) கம்பெனிகளுக்கு இடையிலான மொத்த விலையைக் குறைத்த பிறகுதான் இந்த விலையெல்லாம் இறங்கியது. போன் எண்ணை வேறு கம்பெனிக்கு எடுத்துப் போகும் வசதி 2008இலேயே வந்துவிட்டது. ஆனால் எண்தான் போகும், ஒப்பந்தம் கூடவே வராது. மிச்ச மாதத்துக்குப் பழைய கம்பெனி கையை நீட்டும். என் மருமகன் அதில் மாட்டினான், அது பெரிய கதை, வேண்டாம்.

மேசைக்குப்_பின்னால்_இருந்தவன்:
இரண்டு வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவன் நான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

செந்தூல்வாசி, விரலால் மறைக்கும்படி யாரும் சொல்லித் தரவில்லை. டேப்லெட் கனம், மத்தியானத்துக்குள் மணிக்கட்டு வலிக்கும், கீழே பிடித்தால்தான் நிற்கும். ஆனால் விரலை எடுக்கவும் யாரும் சொல்லித் தரவில்லை. வீட்டு லைனோடு போன் லைன் சேர்த்தால் எங்களுக்குக் கமிஷன் கூடும். வாடிக்கையாளர் சீக்கிரம் வெட்டினால் கொடுத்ததைப் பிடித்துக்கொள்வார்கள். கேபிள்காரன் சொல்வதுபோல் படித்திருக்கலாம் என்பது சரி. பின்னால் நாலு பேர் நிற்கும்போது யார் படிப்பது? படிக்கிறவரைப் பார்த்தால் எங்கள் சூப்பர்வைசர் தண்ணீர் பாட்டில் நீட்டிப் பேச்சுக் கொடுப்பார்.

எனக்கு மறக்காதது ஒரு தாத்தா. பிரிக்பீல்ட்ஸ் பக்கம், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பழைய பில் நாலாக மடித்து. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, போஸ்ட் ஆபீஸ்ல கட்டலாமா?" கட்டலாம் தாத்தா என்றேன். கட்டலாம், பொய் இல்லை. ஆனால் நான் சொன்ன விலை கார்டில் தானாகக் கழித்துக்கொண்டால்தான். அவரிடம் கார்டே கிடையாது. மாதா மாதம் பத்து வெள்ளி கூட வந்திருக்கும். அவர் திரும்பி வந்து கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு தோன்றியிருக்காது.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். "இலவசமாக வேகத்தைக் கூட்டித் தருகிறோம்" என்று போன் வந்தால் உடனே சரி சொல்லாதீர்கள். பல நேரம் அதோடு 24 மாதம் முதலிலிருந்து தொடங்கும்.

கெப்போங்_கேபிள்காரன்:
தண்ணீர் பாட்டில் கதையெல்லாம் சரி, தாத்தாவுக்கு அப்போதே போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே? எண் உங்களிடம்தானே இருந்தது.

மேசைக்குப்_பின்னால்_இருந்தவன்:
இருந்தது.

செந்தூல்வாசி:
நேற்று அந்த மால் பக்கம் போனேன். பையனைப் பார்த்துச் சண்டை போட இல்லை, சும்மா விரலைக் கேட்கலாம் என்று. மேசை இருந்த இடத்தில் இப்போது மசாஜ் நாற்காலி விற்கிறார்கள். வீட்டுக்கு வந்து மின்னஞ்சலில் வந்த நகலைத் திறந்தேன். அந்த இரண்டு வரி அப்படியே இருக்கிறது, தெளிவாக, சின்ன எழுத்துகூட இல்லை.

கேபிள்காரன் அண்ணே, கேட்காமல் சொன்னதற்கு நன்றி. எனக்கும் 94தான் காட்டியது. ஒன்பது வெள்ளிக்குக் கேபிள் வாங்கிப் போட்டேன், 480 வருகிறது.

ஆயர் ஈத்தாம் அக்கா, உங்கள் 68 நின்றதா? முதலில் கம்பெனியில் எழுத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள், அது நடக்கவில்லை என்றால் எம்சிஎம்சியில் அந்த எண்ணோடு போடலாம்.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
இன்னும் இல்லை தம்பி. புகார் எண் வாங்கிவிட்டேன், 14ஆம் தேதி திரும்பக் கூப்பிடுகிறார்களாம். பல்லிக் குஞ்சு பொரித்துவிட்டது.