மறு: உலர் தொட்டியா, புறத்தேக்கமா?

நண்பர்களே,

எஞ்சினில் எண்ணெய் வைக்கும் இரு முறைகளான 'ட்ரை சம்ப்', 'வெட் சம்ப்' இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாக ஓரமாக நின்று வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது நானும் வாய் திறக்கிறேன்.

> ட்ரை சம்ப் = உலர் தொட்டி, வெட் சம்ப் = ஈரத் தொட்டி. முடிந்தது வேலை.

முடியவில்லை ஐயா. எஞ்சின் ஓடும்போது அடியிலுள்ள அந்தத் தொட்டி (சம்ப்) உலர்ந்திருப்பதே இல்லை. பேரிங்குகளிலிருந்தும் சிலிண்டர் ஹெட்டிலிருந்தும் எண்ணெய் ஓயாமல் அதில் வழிந்துகொண்டிருக்கும். அதைத் தேங்கவிடாமல் ஒரு பம்ப் இழுத்துத் தனித் தொட்டிக்கு அனுப்பும். அங்கிருந்து இன்னொரு பம்ப் எடுத்து, அழுத்தத்தோடு எஞ்சினுக்குள் செலுத்தும். 'உலர்' என்ற சொல்லில் இதில் எதுவும் தெரியவில்லை. நானே ஒரு கையேட்டு மொழிபெயர்ப்பில் 'உலர் தொட்டி எஞ்சின்' என்று எழுதிவிட்டு, "தொட்டி உலர்ந்த பிறகா எண்ணெய் அளவு பார்க்க வேண்டும்?" என்ற கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டவன். கேட்டவர் மேல் தப்பில்லை.

சாதாரண (வெட் சம்ப்) எஞ்சினில் எண்ணெய் முழுதும் கிராங்குக்கு, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டுக்கு, கீழேயே கிடக்கும். வண்டி வளைவில் வேகமாகத் திரும்பினால் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கும், பேரிங்குக்கு எண்ணெய் போகாது. அந்தச் சில நொடிகள் போதும், பேரிங் தேய்ந்துபோக. அதோடு, சுழலும் கிராங்க் எண்ணெயை மத்துப் போலக் கடைந்து நுரையாக்கும். சக்தியும் கொஞ்சம் வீணாகும். ட்ரை சம்பில் கீழே ஆழமான தொட்டி வேண்டாம் என்பதால் எஞ்சினையே தாழ்த்திப் பொருத்தலாம். பந்தயக் கார்க்காரர்கள் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இவைதான் காரணங்கள்.

> புறத்தேக்கம், அடித்தேக்கம் என்று வைக்கலாமே? எண்ணெய் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடும்.

இது எனக்கும் பிடித்திருந்தது, போர்ஷே 911 காரை வைத்து உரசிப் பார்க்கும் வரை.

காற்றால் குளிரும் பழைய 911-களில் சிக்கலே இல்லை. எஞ்சினுக்கு வெளியே தனி எண்ணெய்த் தொட்டி, அசல் புறத்தேக்கம். 1972 மாடலில் மட்டும் அந்தத் தொட்டியை வலது பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, எண்ணெய் ஊற்ற வண்டியின் வெளிப்பக்கத்தில் ஒரு சிறு மூடியும் வைத்தார்கள். அதைத் திறந்து சிலர் பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. எப்படியோ, அடுத்த மாடலிலேயே தொட்டி பழைய இடத்துக்குப் போய்விட்டது. (பெயர் சரியில்லாவிட்டால் மட்டுமல்ல, மூடி இருக்கும் இடம் சரியில்லாவிட்டாலும் ஆபத்துதான்.)

சிக்கல் 1997-இல் வந்த 911 தலைமுறையான 996-இல் தொடங்குகிறது. அதிலுள்ள எம்96 எஞ்சின் தண்ணீரால் குளிர்வது. வெளித்தொட்டி கிடையாது, எண்ணெய் எஞ்சினுக்கு அடியிலேயே இருக்கிறது. ஆனாலும் சிலிண்டர் ஹெட்டுகளிலிருந்து எண்ணெயை இழுத்துக் கீழே அனுப்பத் தனிப் பம்புகள் உண்டு. நிறுவனம் அதை 'ஒருங்கிணைந்த ட்ரை சம்ப்' என்கிறது. அதே 996-இன் ஜிடி3, டர்போ என்ற இரு வகைகளிலும் வேறு எஞ்சின்; பழைய பந்தய எஞ்சின் வழியில் வந்தது, வெளித்தொட்டியோடு. ஆக ஒரே பெயர்ப்பலகை, ஒரே தலைமுறை, இரண்டு எண்ணெய் முறை. 'புறத்தேக்கம்' என்றால் ஜிடி3 உள்ளே வரும், எம்96 வெளியே நிற்கும்.

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டை இல்லை. ஜிடி3-இல் எண்ணெய் அளவை எஞ்சின் சூடேறி, சமதரையில், ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். எம்96-இல் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். வெளித்தொட்டி வண்டி நாள்கணக்கில் நின்றால் எண்ணெய் மெல்லப் பம்ப் வழியே எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அப்போது அளவுக்கோலைப் பார்ப்பவர் 'குறைந்துவிட்டது' என்று மேலும் ஊற்றுவார். எஞ்சின் ஓடியதும் அத்தனையும் தொட்டிக்குத் திரும்பி, மிஞ்சியது வழியும்.

சரி, என் முன்மொழிவு. உலர்வையும் விடுவோம், இடத்தையும் விடுவோம். கிராங்குக்கு அடியில் எண்ணெய் என்ன செய்கிறது? ஒன்றில் தேங்குகிறது, மற்றதில் வடிந்து போய்விடுகிறது. ஆகவே வெட் சம்ப் 'தேங்குதொட்டி', ட்ரை சம்ப் 'வடிதட்டு'. இரண்டும் வினைத்தொகை, ஊறுகாய், சுடுசோறு போல. நடுவில் ஒற்று மிகாது, யாரும் 'வடித்தட்டு' என்று திருத்திவிட வேண்டாம்.

அடியில் சேரும் எண்ணெயை இழுத்து அனுப்பும் ஸ்கேவெஞ்ச் பம்புக்கு அகராதியைப் பார்த்து 'துப்புரவு பம்ப்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எதையும் துப்புரவாக்கவில்லை. அடியில் சேர்வதை வற்ற வற்ற மேலே எடுக்கிறது. கிணற்றில் நாம் செய்யும் வேலை. நமக்கு 'இறைத்தல்' இருக்கிறதே! 'இறைப்பு பம்ப்' எனலாம், எண்ணெயைச் செலுத்துவது 'அழுத்து பம்ப்'. இறைப்பு பம்ப் எண்ணெயோடு நிறையக் காற்றையும் இழுக்க வேண்டியிருப்பதால் அதன் கொள்ளளவு அழுத்து பம்பைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டுக்கும் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும்.

—

ஐயா, பட்டறைக்காரனாக ஒரு கேள்வி. ஒன்று தொட்டி, இன்னொன்று தட்டு என்றால் ஜோடி சேரவில்லையே? 'வடிதொட்டி' என்றே வைத்தால் என்ன? அப்புறம், நாங்கள் 'ஆயில் சம்ப்' என்றுதான் சொல்வோம், அதை மாற்றப்போவதில்லை. சம்ப் என்றால் வீட்டில் தண்ணீர் தேங்கும் இடம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே 'ட்ரை சம்ப்' கேட்டால் புதுப்பையன்கள் முழிக்கிறார்கள். அந்த ஒன்றுக்குத் தமிழ் வந்தால் உண்மையிலேயே உதவும்.

—

பட்டறைச் சொல்லை மாற்ற நானும் கேட்கவில்லை. தொட்டி, தட்டு விஷயத்தில் வேண்டுமென்றேதான் மாற்றினேன். செவர்லே கார்வெட்டின் ஏழாம் தலைமுறையை எடுத்துக்கொள்ளுங்கள். 6.2 லிட்டர் எல்டி1 எஞ்சின் ஒன்றுதான், ஆனால் சாதாரண வண்டியில் தேங்குதொட்டி, இசட்51 என்ற கூடுதல் வசதித் தொகுப்பு வாங்கினால் தனித்தொட்டியோடு வடிதட்டு. எட்டாம் தலைமுறையின் எல்டி2-இல் எல்லா வண்டிக்குமே வடிதட்டுதான். ஆழமாக வைத்துத் தேக்குவது தொட்டி. ஆழமில்லாமல் வாங்கி அனுப்புவது தட்டு. வடிவமும் பெயரிலேயே வந்துவிடட்டும் என்று நினைத்தேன். 'வடிதொட்டி' என்றால் தனியாக இருக்கும் எண்ணெய்த் தொட்டியோடு குழம்பவும் வழியிருக்கிறது.

எம்96-தான் இன்னும் உறுத்துகிறது. ஹெட்டில் இறைக்கிறார்கள், அடியில் தேக்குகிறார்கள். நிறுவனம் என்ன பெயர் வைத்தாலும், என் சொல்லின்படி அது 'ஹெட் இறைப்புள்ள தேங்குதொட்டி'தான். எஞ்சினை நிறுத்திவிட்டு அளவு பார்க்கும் முறையும் அதற்கே ஒத்துப்போகிறது. நம் சொல் தொகுப்பில் அப்படியே ஏற்றியிருக்கிறேன். மறுப்பவர்கள், அந்த எஞ்சினின் குறுக்குவெட்டுப் படத்தை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.