ஏஐயிடம் கேட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்க: குமரி மாவட்டத்து அனுபவங்கள்

தொடங்கி வைப்பவர், வடசேரி

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. நம்ம மாவட்டத்துக்கு அந்தத் தேதியில் வேறு ஞாபகம்தான் வரும், 2017-இல் அதே நாளில்தான் ஒக்கி புயல் அடித்தது. ஆரம்பத்தில் கல்லூரிப் பிள்ளைகள் அசைன்மென்ட் எழுதத்தான் இதைத் தேடினார்கள். 2024-இல் வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ வந்தது. அடுத்த வருடம் ஏர்டெல்காரர்களுக்கு பெர்ப்ளெக்சிட்டி, ஜியோகாரர்களுக்கு ஜெமினி என்று இலவசமாகக் கொடுத்தார்கள். இப்போது என் கடைக்கு வருகிற பாட்டி கூட போனைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார்.

நான் டிடிபி கடை வைத்திருக்கிறேன். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் என்னிடம் விஷயத்தைச் சொல்வார்கள், நான் எழுதி அடித்துக் கொடுப்பேன். இப்போது மனு போனிலேயே வந்துவிடுகிறது, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. வருமானம் குறைந்த கதை இருக்கட்டும். வருகிற மனுக்களைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, கவலையும் வருகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு மனு. இரண்டு பக்கம். 'நீரின்றி அமையாது உலகு' என்று ஆரம்பித்து, தண்ணீரின் அவசியத்தைக் கலெக்டருக்கே விளக்கியிருந்தது. எந்த வார்டு, எந்தத் தெரு, எத்தனை நாளாக வரவில்லை என்பது எங்குமே இல்லை. கேட்டு எழுத ஆள் இல்லாவிட்டால் அதெல்லாம் எப்படி வரும்?

இன்னொருவர் நிலத் தகராறு மனுவோடு வந்தார். சட்டத்தின் பெயர், பிரிவு எண் எல்லாம் கம்பீரமாக இருந்தது. சந்தேகப்பட்டு எடுத்துப் பார்த்தால், அந்தப் பிரிவில் இருப்பது முற்றிலும் வேறு சமாச்சாரம். நியூயார்க்கில் 2023-இல் சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி, வக்கீல்களே 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நம்ம ஆட்களை என்ன சொல்ல!

உங்களுக்கு எப்படி இருக்கிறது? நல்லதும் கெட்டதும் எழுதுங்க.

குளச்சலிலிருந்து

அண்ணாச்சி, எங்களுடையது விசைப்படகு வீடு. மீன்பிடித் தடைக்காலம் எப்போது என்று கேட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்று ஒரு தயக்கமும் இல்லாமல் வந்தது. அது கிழக்குக் கடற்கரைக்கு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கு, ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதே மாவட்டத்தில் சின்னமுட்டம் மட்டும் கிழக்கோடு சேரும். தமிழ்நாடு என்றாலே அதற்குக் கிழக்குக் கரைதான் தெரிகிறது.

சரி, எடுத்துச் சொன்னேன். உடனே 'மன்னிக்கவும், நீங்கள் சொல்வது மிகச் சரி' என்றது. விளையாட்டாக, 'இல்லை, முட்டத்துக்கும் ஏப்ரல்தான்' என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் 'நீங்கள் சொல்வது சரி'! 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ ஒரு புதிய பதிப்பை, ஆளை அளவுக்கு மீறிப் புகழ்ந்து ஆமாம் போடுகிறது என்று திரும்பப் பெற்றது. அந்தக் குணம் முழுசாகப் போன மாதிரி எனக்குத் தெரியவில்லை.

தேதி தப்பானால் துறைமுகத்தில் யாராவது சொல்லித் திருத்திவிடுவார்கள். கடல் விஷயம் அப்படியில்லை. என் மச்சான் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போக நினைத்து அலை எப்படி என்று கேட்டிருக்கிறான். காற்று குறைவு, கடல் அமைதி, போகலாம் என்று பதில். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. கள்ளக்கடலுக்கு இங்கே காற்றே வேண்டாம். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசின புயலின் அலை பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி, வெயில் அடிக்கிற நாளில் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிர் போனது அப்படித்தான், அப்போதும் எச்சரிக்கை அமலில் இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்காகவே அறிவிப்பு போடுகிறது. கடலுக்கு அதைப் பாருங்க, இல்லாவிட்டால் கரையில் வலை பின்னுகிற பெரியவரிடம் கேளுங்க.

மார்த்தாண்டத்திலிருந்து, நர்ஸ்

எல்லாரும் குறையே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் நல்லது சொல்கிறேன். ஜெர்மனி போக ஜெர்மன் மொழியில் பி2 நிலை படித்துக்கொண்டிருக்கிறேன். நம்ம பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தியாவது இப்படிப் படிக்கிறாள் என்பது உங்களுக்கே தெரியும். வகுப்பில் நிறைய பேர், ஒவ்வொருத்தருக்கும் பேசக் கிடைப்பது சில நிமிஷம். டியூட்டி முடிந்து ஹாஸ்டலுக்கு வந்தால் ஜெர்மனில் பேச எனக்கு யார் இருக்கிறார்கள்?

அங்கேதான் இது கை கொடுத்தது. 'நீ ஒரு வயதான நோயாளியின் மகள், அப்பாவுக்கு ஏன் இன்னும் ஸ்கேன் எடுக்கவில்லை என்று கோபமாகக் கேள்' என்றால் அப்படியே கேட்கும். டியூட்டி மாற்றும்போது நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைக்கிற பேச்சை எத்தனை முறை வேண்டுமானாலும் சலிக்காமல் கேட்டுத் திருத்தும். ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வருகிற டெர், டீ, டாஸ் மூன்றையும் தப்புத்தப்பாகச் சொன்னாலும் முகம் சுளிக்காது. எனக்குப் பயம் போனதே அதனால்தான். இலக்கண விளக்கத்தைத் தமிழில் கேட்டால் சில நேரம் சுற்றி வளைக்கும், ஆங்கிலத்தில் கேட்டால் தெளிவாகச் சொல்லும். அது தமிழில் படித்தது குறைவு, ஆங்கிலத்தில் படித்தது மலையளவு, அதனால் இருக்கும்.

ஒரு குறை உண்டு. என் உச்சரிப்பு எவ்வளவு மோசமாக இருந்தாலும் அது புரிந்துகொண்டு மேலே போய்விடும். வகுப்பில் டீச்சர் முதல் வாக்கியத்திலேயே நிறுத்தி, 'என்ன சொன்னாய்?' என்றார். தேர்வில் எதிரே உட்காரப் போவதும் மனிதர்தானே. அதனால் பேசிப் பழக இது, உச்சரிப்புக்கு டீச்சர் என்று வைத்திருக்கிறேன்.

அப்புறம், சுகர் மாத்திரையைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று எங்க மைனி இதனிடம் கேட்டதைப் பார்த்துப் போனைப் பிடுங்கி வைத்தேன். ஆனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை இதை வைத்து எழுதி எடுத்துப் போனார், அது நன்றாக இருந்தது. ஓபியில் நமக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் எதையும் மறக்கவில்லை.

குலசேகரத்திலிருந்து

ரப்பர் விலை கேட்டேன். எந்தக் காலத்து விலையையோ இன்றைய விலை என்று சொன்னது. கோட்டயத்தில் ரப்பர் போர்டு தினமும் ஆர்எஸ்எஸ் 4 என்ற ரப்பர் ஷீட் தரத்தின் விலையை வெளியிடுகிறது, அதைத் தேடிப் பார்த்துச் சொல் என்றால் சரியாகச் சொல்கிறது. தேடச் சொல்லாவிட்டால் வாய்க்கு வந்ததுதான். வேறு ஒன்றும் இல்லை.

தக்கலையிலிருந்து

எங்க பாட்டா காலத்து ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், ஒன்று பெட்டியில் கிடந்தது. திருவிதாங்கூர் சங்கு முத்திரைப் பத்திரம், மலையாளக் கையெழுத்து. நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முன்னே உள்ள காகிதம் இப்படித்தானே இருக்கும். போட்டோ எடுத்துப் போட்டேன். '1112 மகரம்' என்பதைப் பார்த்து, இது கி.பி. 1112, முதலாம் குலோத்துங்கன் காலத்து அரிய ஆவணம் என்று பாராட்டியது! இது மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டு என்று சொன்ன பிறகு 825 கூட்டி 1937 என்று சரியாகக் கணக்குப் போட்டது. அதாவது விஷயம் அதற்குத் தெரியும், நாம் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அதுவரை சிரிப்புதான். நான்கு எல்லையையும் வாசிக்கச் சொன்னபோதுதான் பகீர் என்றது. காகிதத்தில் கிழக்கு எல்லை இருக்கிற இடம் பூச்சி அரித்து ஓட்டை. இது அங்கே ஒரு ஆள் பெயரைத் தானாகப் போட்டு, அவருடைய புரையிடம் (வீட்டு மனை) என்று எழுதிக் கொடுத்தது. ஓட்டையை ஓட்டை என்று சொல்லத் தெரியவில்லை. இதை நம்பி வேலி போட்டால் பக்கத்து வீட்டுக்காரன் வெட்டுகத்தியோடு வருவான். கடைசியில் பழைய ஆதாரம் வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஓட்டை வந்த இடத்தில் நிறுத்தி, 'இங்க ஒண்ணும் இல்ல மக்கா, ரிஜிஸ்டர் ஆபீஸில நகல் எடு' என்றார்.

இரணியலிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்

நம் மாவட்டத்தில் பிள்ளைகள் மஸ்கட்டிலும் துபாயிலும், தாய் தகப்பன் மட்டும் பெரிய வீட்டில். சாயங்காலமானால் என் பக்கத்து வீட்டம்மா போனில் இதனுடன் பேசிக்கொண்டிருக்கிறார். சக்கை எரிசேரிப் பக்குவம் முதல் மருமகள் மேலுள்ள வருத்தம் வரை. அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் எலைசா என்ற சின்னப் பேச்சு நிரலைச் செய்தபோது, அவருடைய செயலாளரே அதனுடன் பேச வேண்டும், நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள் என்றாராம். அது வெறுமனே நாம் சொன்னதைத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். மனிதர் அப்போதும் இப்படித்தான்.

அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு உறுத்துவது மருமகள் விஷயம். அது எப்போதும் அவர் பக்கமே பேசுகிறது, குளச்சல் தம்பி எழுதினதைப் போல. முன்பு எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்து இதையே சொல்லும்போது, என் மனைவி 'நீங்களும் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது' என்பார். அவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், மறுநாள் மகனுக்குப் போன் போடுவார். இப்போது போன் போடுவது குறைந்திருக்கிறது.

மறுபடியும் வடசேரி

தக்கலை அண்ணே, அந்தப் பெரியவரை எங்கே பார்க்கலாம் என்று தனியாகச் சொல்லுங்க. என் கடைக்கு வருகிற ஒருவர் கையிலும் இதே மாதிரி ஒரு ஆதாரம் இருக்கிறது. அவரும் போனில் வாசித்து வைத்திருக்கிறார், அடுத்த வாரம் அளக்கப் போகிறாராம்.