கடைசி நொடியில் போன ஆட்டங்கள்: உங்கள் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் அனுபவம்

அரைக்கிணறு:
2007 செப்டம்பர் 1. மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்கு நான் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ரூம்மேட்தான் இழுத்துப் போனான். கீழ்ப் பிரிவு டீமான அப்பலேச்சியன் ஸ்டேட் வந்து மிச்சிகனைச் சாய்த்த ஆட்டம் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும், விளக்கப் போவதில்லை. 34-32 என்று மிச்சிகன் பின்னால், ஆறு நொடி பாக்கி, 37 யார்டு. ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) விழுந்தால் மிச்சிகனுக்கு வெற்றி. பந்து எதிரணிக்காரர் கையில் பட்டு மடங்கி விழுந்தது. குருட்டு அதிர்ஷ்டம்! லட்சம் பேருக்கு மேல் இருந்த இடம். பக்கத்து சீட் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கேலரி காலியாகிக்கொண்டே இருக்கிறது, அவர் எழுந்திருக்கவே இல்லை. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பாதி ஆட்டம் புரியாத நான் என்னத்தைப் பேச?

ராப்பாடி:
எனக்கு 2013, ஆபர்ன் பல்கலைக்கழக டீம். அந்த சீசனில் ஒரு ஆட்டம் விட்டதில்லை. ஜார்ஜியாவுக்கு எதிராக ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த அந்த 73 யார்டு கேட்ச்சை நேரிலேயே பார்த்தேன். அலபாமா ஆட்டம் மட்டும் வீட்டில், டிவியில். 28-28, ஒரே ஒரு நொடி. அலபாமாவின் 57 யார்டு ஃபீல்ட் கோல் உதை எங்கே போய்ச் சேரப் போகிறது, எப்படியும் ஓவர்டைம்தான் என்று டீ போட எழுந்தேன். எங்கள் கிறிஸ் டேவிஸ் பந்தைப் பிடித்து மறுகோடிக்கு ஓடி ஆட்டத்தை ஜெயித்தபோது நான் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்துவிட்டாள். வீட்டில் எந்த வாக்குவாதம் வந்தாலும் அந்த டீ வந்துவிடும்.

குறட்டைமன்னன்:
அரைக்கிணறு, அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 2005, 2006 இரண்டு வருடமும் அவர்கள் பிரிவில் அப்பலேச்சியன் ஸ்டேட்தான் சாம்பியன். அன்றைக்கு இடைவேளையிலேயே 28-17 முன்னிலை. என் கதை சின்னது: மழைக்குப் பயந்து பாதியில் கிளம்பி, பார்க்கிங்கில் நின்று கூச்சலை மட்டும் கேட்டவன். அதனால் புதியவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் நாலு முயற்சியில் பந்தைப் பத்து யார்டு முன்னே கொண்டுபோக வேண்டும் என்ற கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக வரும். என்எஃப்எல் (தொழில்முறை லீக்) பார்த்துவிட்டு வந்தால் குழம்பாதீர்கள், இங்கே கேட்ச்சுக்கு ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும். பன்னிரண்டு ஆட்டத்தில் ஆறு ஜெயித்தால் பௌல் ஆட்டத்துக்கு, அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் சிறப்பு ஆட்டத்துக்குத் தகுதி. ஆகவே அஞ்சு வெற்றி, ஆறு தோல்வி என்று நிற்கும் டீமின் கடைசி ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். அப்புறம் மழைக்கோட்டு. குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார்.

ராப்பாடி:
குடை பற்றி யார் கேட்டது சார்?

அரைக்கிணறு:
சரி, அதிர்ஷ்டம் என்றது தப்புதான். அந்த சீசனை மிச்சிகன் ஒன்பது வெற்றி, நாலு தோல்வி என்று முடித்தது. கடைசியாக ஃப்ளோரிடாவை 41-35 என்று ஜெயித்தார்கள். அதை டிவியில் பார்த்தேன். கூட்டத்தைக் காட்டும்போதெல்லாம் அந்தத் தொப்பி தெரிகிறதா என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.