பனிச்சரிவை நேர்ல பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? எழுதுங்க

திருப்பூர்க்காரன்:
செரி, நானே மொதல்ல சொல்றனுங்க. போன மார்ச்ல நாங்க அஞ்சு பேரு மணாலிக்கு மேல சோலாங் தாண்டி துந்தி பக்கம் போனோம், அடல் டன்னலோட தெக்கு வாசல் இருக்குதே, அங்கதான். ரெண்டு நாள் விடாம பனி கொட்டி மூணாம் நாள் பளிச்சுனு வெயில். வருசா வருசம் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி எறங்கற காலு, இதெல்லாம் ஒரு மலையான்னு ஒரு நெனப்பு வேற.

கைடு ஆளுக்கொரு பீக்கன் குடுத்தாரு. பனிக்குள்ள பொதைஞ்சுட்டா மத்தவங்க பீக்கன்ல நம்ம சிக்னல் காட்டுமுங்க. மாப்ள அதைத் தூக்கி பேக்ல போட்டுட்டான், பனிச்சரிவு அடிச்சா மொதல்ல பிச்சுட்டுப் போறதே பேக்தான், ஒடம்போட கட்டோணும், செல்போனும் அதை ஒட்டி இருக்கக்கூடாதுன்னு கைடு வாங்கு வாங்குன்னு வாங்கீட்டாரு.

ஒரு சரிவைக் குறுக்க தாண்டறப்ப காலுக்கடியில ‘தொம்’முனு ஒரு சத்தம், தவிட்டு மூட்டையப் போட்டாப்ல. தரை ஒரு வெரக்கட எறங்குச்சு. கைடு மூஞ்சியே மாறிப்போச்சு. புதுப்பனிக்கு அடியில சீனி மாதிரி ஒட்டாத அடுக்கு ஒண்ணு இருக்குதாம், அது ஒடைஞ்ச சத்தமாம். செல்லை வெச்சு சரிவை அளந்தாரு, 36 டிகிரி. 30லருந்து 45 வரைக்கும் இருக்கற சரிவுதான் எச்சா பேத்துக்கிட்டு வருமாம். வந்த தடத்துலயே ஒவ்வொருத்தரா, எடவெளி விட்டுத் திரும்புங்கன்னுட்டாரு. எனக்கானா செம கடுப்பு, இத்தன காசு கட்டீட்டு பாதியில திரும்பறதா?

மத்தியானம் டீ குடிச்சுட்டு இருக்கறப்ப எதிர்ச்சரிவு ஒடைஞ்சுதுங்க. மேல கத்தியில கீறுனாப்ல ஒரு கோடு, அப்பறம் அந்தப் பனி மொத்தமும் பலகையாட்டம் நகந்துச்சு, நூறு தறி ஒண்ணா ஓடற சத்தம். டம்ளர்ல பொடிப்பனி வந்து விழுந்துது. ஒருத்தனும் வாயத் தொறக்கல.

பொள்ளாச்சி அக்கா:
பீக்கன் மட்டும் பத்தாதுங்க தம்பி, குத்திப் பாக்கற ப்ரோப் கம்பியும் பனியத் தோண்டற சவலும் ஆளுக்கொண்ணு வேணும். உத்தரகாண்ட்ல பயிற்சிக்காக ஒரு பேக்கைப் பொதைச்சு வெச்சுட்டு எங்களைத் தேடச் சொன்னாங்க. எடுக்க 22 நிமிசம் ஆச்சு. ஆளா இருந்தா மொத 15 நிமிசந்தான் நல்ல சான்ஸ், அதுக்கப்பறம் மளமளன்னு கொறையும்னாங்க. ஓடறப்ப மாவாட்டம் இருக்கற பனி நின்னதும் சிமெண்டாட்டம் எறுகிக்குது. தென்னைக்குக் குழி வெட்டிப் பழகுன எனக்கே கை விட்டுப்போச்சு!

கோபிக்காரன்:
நான் பனிச்சரிவையே பாக்கலைங்க, பாக்காம இருந்ததுதான் என் அனுபவம். குல்மார்க் போறதுக்கு டிக்கெட் போட்டாச்சு, சண்டிகர்ல இருக்கற டிஆர்டிஓ (ராணுவ ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வு நிலையம் அந்த வாரம் பனிச்சரிவு எச்சரிக்கை விட்டுது, கேன்சல் பண்ணீட்டேன். ஊட்டுல இன்னும் சொல்லிக் காமிக்கறாங்க. அக்கா, அந்தப் பயிற்சி எத்தன நாளுங்க?

திருப்பூர்க்காரன்:
எனக்கும் சொல்லுங்கக்கா. மாப்ள இப்ப வெள்ளியங்கிரிக்கே பீக்கன் கட்டிட்டு வரட்டுமான்னு கேக்கறான்.