ஒன்பது வயதுப் பையனுக்கு நெஞ்சில் குத்தல்: காத்திருக்கலாமா?

மழைத்துளி:
டிவி பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று "அம்மா, நெஞ்சு குத்துது" என்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துவிட்டான். இடது பக்கம். மூச்சை இழுத்தால் இன்னும் குத்துகிறதாம். நான் பதறிப்போய் செருப்பைத் தேடுவதற்குள் "சரியாயிடுச்சு" என்று மறுபடி டிவியில் மூழ்கிவிட்டான். போன மாதமும் இப்படித்தான். வீட்டில் எல்லோரும் வாயுப் பிடிப்பு என்கிறார்கள். இடது பக்கம் என்பதால் எனக்குத் தூக்கமே இல்லை.

வார்டு அக்கா:
குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். நெஞ்சு வலி என்று வரும் பிள்ளைகள் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இதயத்தில் கோளாறு இருப்பதில்லை. இடதா வலதா என்பதை விடுங்கள், அது பெரியவர்களுக்கான பயம். அடுத்த முறை வலிக்கும்போது எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஒற்றை விரலை ஒரே புள்ளியில் வைத்து "இங்கேதான்" என்றால் பெரும்பாலும் விலா எலும்பு, தசை சமாசாரம். சும்மா இருக்கும்போது ஊசி மாதிரி குத்தி, மூச்சை இழுத்தால் கூடி, சில நிமிடத்துக்குள் தானாகவே போகிற வலிக்கு 'பிரிகார்டியல் கேட்ச்' என்று பெயர். வளரும் பிள்ளைகளுக்கு வரும், ஆபத்தில்லை. நீங்கள் சொல்வது அதைப் போலத்தான் இருக்கிறது.

எங்கள் காது நிமிர்வது "ஓடும்போது வலிக்குது" என்று கேட்டால்தான். ஓடும்போது வலி, மயங்கி விழுவது, காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. மூச்சுத் திணறல், உதடு நீலம் பாரிப்பது என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. காய்ச்சலோடு, படுத்தால் கூடி முன்னால் குனிந்தால் குறைகிற வலியும் அன்றே பார்க்க வேண்டியது.

இரட்டைவால்:
என் மகள் ஓடிவிட்டு வந்து நெஞ்சு இறுக்குது என்பாள், கூடவே வறட்டு இருமல். இதயம் என்றே நினைத்துப் போனோம், ஆஸ்துமா என்றார் டாக்டர். இப்போது விளையாடப் போகும்முன் இன்ஹேலர். அவ்வளவுதான்.

மழைத்துளி:
நன்றி அக்கா. ஓடும்போது இவனுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு சந்தேகம். கணவரின் தம்பி முப்பது வயதில் விளையாடிக்கொண்டிருந்தபோது சுருண்டு விழுந்து இறந்துவிட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காதே?

வார்டு அக்கா:
இதைக் கேட்டதும் என் பதில் மாறுகிறது. இவனுடைய குத்தல் சாதாரணமானதாகவே இருக்கலாம். ஆனால் இதயத் தசை தடிப்பதும் துடிப்பின் ஒழுங்கு கெடுவதும் சில குடும்பங்களில் வழிவழியாக வரும். பல நேரம் வெளியில் ஒன்றுமே தெரியாது. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே குழந்தைகள் இதய டாக்டரிடம் காட்டுங்கள். துடிப்பைப் பதிவு செய்யும் இசிஜி, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ, இரண்டுமே வலிக்காது. அதுவரை ஓட்டப் போட்டி மாதிரி எதுவும் வேண்டாம். உங்கள் கணவரும் ஒரு இசிஜி எடுத்துக்கொள்ளட்டும். தம்பியின் பழைய ரிப்போர்ட் ஏதாவது இருந்தால் மறக்காமல் எடுத்துப்போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.