புதுப்பிப்பு: கால்நடை மருத்துவம் கிடைத்துவிட்டது

'முதல் தடவை விண்ணப்பிக்கிறேன், நீட் எழுதவில்லை, பி.வி.எஸ்ஸி. கிடைக்குமா?' என்று ஜூனில் கோத்தகிரியிலிருந்து கேட்டிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது.

கிடைத்தது. மாநில ஒதுக்கீட்டுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான்: உயிரியலை 100-க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50-க்கும் கணக்கிட்டு, ஆக 200-க்குப் பார்க்கிறார்கள். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட்.

மதிப்பெண்ணைவிட என்னைப் படுத்தியது சாதிச் சான்றிதழ். மழையில் கரண்ட் போய்ப் போய் வர, பிரவுசிங் சென்டரில் அவசரமாக ஸ்கேன் செய்ததில் அடிப்பக்க முத்திரை பாதி வெட்டுப்பட்டிருந்தது. சமர்ப்பிக்கும் முன் பெரிதாக்கிப் பார்த்ததால் தப்பித்தேன். நீங்களும் பாருங்கள்.

அப்போது பதிலில் 'ஊட்டி பக்கத்துச் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணையை ஒரு நடை பார்த்துவிட்டு வா' என்று சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. அங்கே ஒருவர் நீலகிரிச் செம்மறி ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்லப் பிதுக்கிக் காட்டினார். உள்ளே நல்ல சிவப்பு. வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தைக் குடிக்கிறது என்று சந்தேகப்பட வேண்டுமாம். வீட்டில் மாடு வைத்திருந்தும் இதுவரை நான் இமையைப் பார்த்ததே இல்லை!

கலந்தாய்வில் உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளிருப்புப் பயிற்சியோடு ஐந்தரை வருடம் என்றதும் அப்பா, "அதுக்குள்ள நம்ம கிடாரி நாலு ஈத்து ஈன்றிடுமே" என்றார். அடுத்த வாரம் விடுதி. வெயில் ஊருக்குப் போகிறேன், ஸ்வெட்டரை என்ன செய்வதென்று தெரியவில்லை.